மெழுகுப்பூக் கொடியும் அதன் வேலியோரச் சொந்தங்களும்

நர்சரிகளில் மெழுகுப்பூ என்று விற்கப்படும் கொடிக்குத் தாவரவியல் பெயர் ஹோயா. அரளியும் நன்னாரியும் எருக்கும் அடங்கிய அப்போசினேசி குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பெரிய குடும்பத்துக்குள்ளும் எருக்கு, வேலிப்பருத்தி, சிறுகுறிஞ்சான் ஆகியவை இதற்கு நெருங்கிய சொந்தங்கள். இமயமலைச் சரிவிலும் தென்னிந்தியாவிலும் தொடங்கி, தென்சீனா, தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி, பசிபிக் தீவுகள் வரை ஹோயா இயற்கையாக வளர்கிறது. இதில் எத்தனை இனங்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கணக்கு இல்லை. 300 என்பாரும் உண்டு, 500-ஐத் தாண்டும் என்பாரும் உண்டு. போர்னியோ, நியூகினி, பிலிப்பைன்ஸ் காடுகளில்தான் இனங்கள் மிகுதி. அங்கிருந்து இன்றும் புதிய இனங்கள் அறிவிக்கப்பட்டு வருகின்றன.

தொட்டியில் வாங்கி வந்து திண்ணையில் தொங்கவிடுகிறவர்கள் பெரும்பாலும் இதை வெளிநாட்டுச் செடி என்றே நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் சீனா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் நாட்டு இனங்கள் என்பது உண்மை. ஆனால் ஏரல் என்ற ஊரைத் தொட்டுக்கொண்டு புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி எந்த மலையில் பிறக்கிறதோ, அந்தப் பொதிகையை உள்ளடக்கிய மலைத்தொடரின் ஈரக் காடுகளில் ஹோயா யாரும் நடாமலேயே மரமேறிப் பூக்கிறது. ஆற்றின் மறுமுனையில், ஏரல் பக்கத்து வேலிகளிலும் புதர்களிலும் படரக்கூடிய பெருங்குறிஞ்சான் ஒரு காலத்தில் ஹோயா என்றே பெயர் பெற்றிருந்தது. மெழுகுப்பூவின் கதையைத் தாமிரபரணிக் கரையிலிருந்தே சொல்லிவிடலாம்.

ஹோயாவில் பெரும்பாலானவை தொற்றுச்செடிகள். மரப்பட்டையின் வெடிப்பிலும் பாசியிலும் கிளைக் கவட்டில் சேரும் இலைக்குப்பையிலும் வேர்விட்டு வாழ்கின்றன. புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை. மரம் இவற்றுக்கு நிற்க இடம் தருகிறது, அவ்வளவுதான். மண்ணில் வேர் இல்லாத செடிக்கு மழை நின்ற மறுநாளே பஞ்சம் தொடங்கிவிடும். அதனால்தான் ஹோயாவின் இலைகள் தடித்து, நீரைச் சேமித்து வைத்திருக்கின்றன. நன்கு ஆராயப்பட்ட கார்னோசா இனத்தில் இன்னொரு ஏற்பாடும் தெரியவந்தது. அது கற்றாழையையும் அன்னாசியையும் போலப் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, வெயில் தணிந்த இரவில் திறந்து, கரியமில வாயுவை அமிலமாக மாற்றிச் சேர்த்துவைக்கும். பகலில் ஒளி கிடைத்ததும் அந்தக் கையிருப்பிலிருந்து உணவு தயாரிக்கும். இதனால் நீர் ஆவியாவது வெகுவாகக் குறைகிறது.

கொடி வளரும் விதமும் கவனிக்கத்தக்கது. முதலில் இலையே இல்லாத நீண்ட தண்டு ஒன்று கிளம்பும். காற்றில் துழாவி ஏதாவது ஒன்றைப் பற்றிச் சுற்றிக்கொண்ட பிறகே அதில் இலைகள் விரியும். புதிதாக வளர்ப்பவர்கள் இந்த மொட்டைத் தண்டைக் காய்ந்த கொம்பு என்று நினைத்து நறுக்கிவிடுகிறார்கள். அதோடு அந்த ஆண்டின் வளர்ச்சியும் போய்விடும்.

பூவுக்கு வருவோம். பொதுவாக ஒரே காம்பின் நுனியில் பல பூக்கள் குடையாக விரியும். ஒவ்வொரு பூவிலும் தடித்த ஐந்து இதழ்கள். அவற்றின் நடுவே, பளபளக்கும் ஐந்து மடல் கொண்ட ஒரு சிறு மகுடம். கார்னோசாவில் இதழ்கள் வெளிர் இளஞ்சிவப்பு. மகுடம் வெள்ளை, அதன் மையத்தில் சிவப்பு. பார்த்தால் செடியில் பூத்தது என்று நம்ப முடியாது. வார்த்து ஒட்டியது போல இருக்கும். மெழுகு என்று பெயர் வந்தது இந்தத் தோற்றத்தால்தான். பல இனங்களில் அந்தி சாய்ந்த பிறகுதான் மணம் ஏறும். தேன் சொட்டுச்சொட்டாகக் கசிந்து இதழ்களில் நிற்கும், தரையிலும் விழும்.

இந்த அழகுக்குள் நுட்பமான ஓர் இயந்திரம் இருக்கிறது. பெரும்பாலான பூக்களில் மகரந்தம் தூளாக உதிரும், காற்றிலோ பூச்சியின் உடம்பிலோ ஒட்டிப் போகும். ஹோயாவிலும் எருக்கிலும் அப்படி இல்லை. மகரந்தம் முழுவதும் பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பொட்டலங்களை ஒரு சிறு கவ்வி இணைக்கிறது. ஒரு பூவுக்கு இப்படி ஐந்து ஜோடிகள். தேன் குடிக்க வரும் பூச்சியின் கால் மகுடத்தின் மடல்களுக்கு இடையே உள்ள பிளவில் வழுக்கி நுழையும். காலை மேலே இழுக்கும்போது, துணி உலர்த்தும் கிளிப் மாட்டிக்கொள்வது போல அந்தக் கவ்வி காலில் மாட்டிக்கொண்டு பொட்டலங்களோடு வெளியே வந்துவிடும். அடுத்த பூவில் அதே கால் மீண்டும் பிளவில் சிக்கினால் ஒரு பொட்டலம் உள்ளே சரியாகப் பொருந்தி நின்றுவிடும். அப்படி நின்றால்தான் கருவுறுதல். வலுவில்லாத பூச்சி சிக்கிக்கொண்டு சாவதும் உண்டு. ஜப்பானின் தெற்குத் தீவொன்றில் காட்டு கார்னோசாவை இரவில் கண்காணித்து 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பூவின் மேல் வந்து உட்காரும் பெரிய அந்துப்பூச்சிகளே இந்தப் பொட்டலங்களைக் காலில் சுமந்து செல்வதைக் காட்டியது. வீட்டுத் தொட்டியில் ஹோயா கொத்துக்கொத்தாகப் பூத்தும் காய் பிடிப்பது அரிதாக இருப்பதற்கு, ஏற்ற பூச்சி வராததும் ஒரு காரணம்.

இதைக் கண்ணால் பார்க்க ஹோயா வேண்டியதில்லை. ஏரல் சாலையோரத்து எருக்கில் ஒரு பூவைப் பறித்தால் போதும். நடுவே இருக்கும் ஐந்து முனை மகுடத்தின் மேல்தட்டில், மூலைகளில் ஐந்து கரும்புள்ளிகள் தெரியும். அவைதாம் கவ்விகள். மெல்லிய ஊசி முனையை ஒரு புள்ளியின் அடியிலிருந்து மேல்நோக்கித் தூக்கினால், இரண்டு மஞ்சள் துணுக்குகள் அந்தப் புள்ளியிலிருந்து தொங்கியபடி வெளியே வரும். பூவைத் தேடி வரும் கருவண்டு காலில் இழுத்துச் செல்வது அதைத்தான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. குழந்தைகளுக்குக் காட்டுவதானால் பெரியவர்களே பூவைப் பறித்து, பாலைத் துடைத்துவிட்டுக் காட்ட வேண்டும்.

இந்தப் பொட்டலங்களை ஆராய்ந்தபோது அறிவியலுக்கு வேறொரு பெரிய பேறும் கிடைத்தது. ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன், ஆர்க்கிட் வகைகளிலும் எருக்கு இனத்துச் செடிகளிலும் கருவுறுதல் எப்படி நடக்கிறது என்று நுண்ணோக்கியில் தேடிக்கொண்டிருந்தார். 1831-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் அந்த ஆய்வைப் படித்தபோதுதான், செல்லுக்குள் தெரியும் உருண்டையான பகுதிக்கு 'நியூக்ளியஸ்' என்று பெயர் சூட்டினார். பள்ளிப் பாடத்தில் வரும் உட்கரு இதுவே. ஹோயா என்ற பேரினத்தை உருவாக்கியவரும் இதே பிரவுன்தான். 1810-இல் எருக்கு வகையறாவைப் பிரித்து ஒழுங்குபடுத்தியபோது, நார்தம்பர்லாண்ட் பிரபுவின் சயான் ஹவுஸ் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த தாமஸ் ஹாய் என்பவரின் பெயரை இந்தக் கொடிக்கு வைத்தார். பிரபுவின் பெயர் செடிக்கு ஏறுவது வழக்கமாக இருந்த காலத்தில், மண்ணைக் கிளறிச் செடி வளர்த்தவரின் பெயர் நிலைத்தது நிறைவான செய்தி.

தென்னிந்திய ஹோயாக்களைப் பற்றிய அறிவு பெரும்பாலும் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரின் உழைப்பில் தொடங்கியது. ராபர்ட் வைட் 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். எருக்கு வகையறா மீது அவருக்குத் தனி ஈடுபாடு. 1834-இல் வெளியிட்ட நூலில் இந்திய எருக்கு வகைகளை ஆர்னாட் என்ற தாவரவியலாளருடன் சேர்ந்து வரிசைப்படுத்தினார். ஓவாலிஃபோலியா என்ற ஹோயா அதில்தான் பெயர் பெற்றது. 1830-களின் நடுவில் அவருடைய படைப்பிரிவு பாளையங்கோட்டையில் இருந்தது. அங்கிருந்தபடி குற்றாலம் முதலான திருநெல்வேலிச் சீமை மலைகளில் செடிகளைச் சேகரித்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட படத்தொகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உள்ளன. அவருக்காகச் செடிகளைப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். பூவின் உள்ளுறுப்புகளைக் கூட நுண்ணோக்கித் துல்லியத்தோடு தீட்டிய இவ்விருவரையும் தமிழ் வாசகர்கள் இன்னும் அதிகமாக அறிந்திருக்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வளரும் ஹோயாக்கள் சிலவே. வைட்டின் நினைவாகத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் பெயரிட்டது ஹோயா வைட்டியை. 1880-களில் பிரிட்டிஷ் இந்தியத் தாவரங்கள் என்ற பெருநூலில் அந்தப் பெயர் வெளியானது. பழனி மலையில் கிடைத்த அதன் வடிவத்தைத் துணையினமாகப் பிரித்து, அந்த மலையின் பெயரையே சூட்டியவர் திருச்சி ராபினாட் தாவரகத்தை உருவாக்கிய பாதிரியார் கே.எம்.மேத்யூ. பௌசிஃப்ளோரா என்ற ஹோயாவுக்குப் பெயர் தந்தவர் வைட். குறுகிய இலைகளும், கொத்தாக இல்லாமல் ஒன்றிரண்டாக மலரும் வெண்ணிறப் பூக்களும் அதன் அடையாளம். இது இலங்கையிலும் வளர்கிறது. கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் கிடைத்த சிறிய இலைக்கொடி ஒன்றுக்கு ஹென்றி, சுவாமிநாதன் என்ற தாவரவியலாளர்கள் 1970-களின் இறுதியில் கன்னியாகுமரியானா என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் ஹோயா சேகரிப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித் தேடுகிறார்கள். வடக்கே கொங்கணக் காடுகளில் ரெட்டூசா இருக்கிறது. அதன் இலை ஊசியாக நீண்டு, நுனி மட்டும் வெட்டுப்பட்டது போல மழுங்கியிருக்கும். பூக்காத காலத்தில் அதை ஹோயா என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளில் இந்தக் கொடிகளைப் பறிப்பது சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பயனில்லாத வேலை அது. மேகம் தவழும் மலைக்காட்டில் வளர்ந்த கொடி ஏரலின் சித்திரை வெயிலில் ஒரு மாதம் தாங்குவதே கடினம். மலையில் ஒன்று குறையும், வீட்டிலும் ஒன்று மிஞ்சாது.

மலையிறங்கிச் சமவெளிக்கு வந்தால் ஹோயா இல்லை; பெருங்குறிஞ்சான் இருக்கிறது. இதய வடிவ இலை, கொத்துக் கொத்தான பச்சை நிறப் பூ, இரட்டையாக விடும் தடித்த காய், வெடித்தால் பட்டுநூல் குஞ்சத்தோடு பறக்கும் விதை என்று வேலியிலும் புதரிலும் சாதாரணமாகப் படரும் கொடி. இதன் பெயர் மாறி வந்த வழி நீளமானது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியான ஹோர்டஸ் மலபாரிகஸ் நூலில் இது 'வட்டகாக்கக்கொடி' என்று இடம்பெற்றது.  1782-இல் லின்னேயஸின் மகன் தன் நூலில் சீனத்து மெழுகுப்பூவையும் இந்தக் கொடியையும் எருக்கு வகையறாவான அஸ்கிளெப்பியஸ் என்ற ஒரே பெயரின் கீழ் வைத்தார். பிரவுன் 1810-இல் இரண்டையும் ஹோயாவாக்கினார். பிற்பாடு பூவின் அமைப்பை நுணுகிப் பார்த்தவர்கள் பெருங்குறிஞ்சானை வெளியே எடுத்து டிரெகியா என்றார்கள், வட்டகாக்கா என்றார்கள். அண்மைக் காலத்தில் ஸ்டெபனோடிஸ் என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். மேலை நாடுகளில் மணப்பெண்ணின் பூச்செண்டில் வைக்கப்படும் மடகாஸ்கர் மல்லிகையும் ஸ்டெபனோடிஸ்தான். சில நாடுகளில் அதையும் மெழுகுப்பூ என்றே அழைக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் குறிஞ்சா எனப்படும் பெருங்குறிஞ்சானின் இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்வது வழக்கம். கசப்பாக இருந்தாலும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். நாட்டு மருந்துக்கடையில் சர்க்கரை நோய்க்கு என்று கேட்டு வாங்கப்படும் சிறுகுறிஞ்சான் வேறு கொடி. அதன் இலையை மென்ற பிறகு சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது. பெயர் ஒத்திருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பறித்து மருந்தாக உண்பது ஆபத்தில் முடியலாம்.

உலகின் மற்ற ஹோயாக்களில் சிலவற்றையாவது தெரிந்துகொள்ளாமல் இந்தப் பேரினத்தின் வீச்சு புரியாது. இம்பீரியாலிஸ் மலேசியா, போர்னியோ பகுதிக்குரியது. ஒரு பூவே உள்ளங்கையை நிறைக்கும். இமயமலையின் லீனியாரிஸ் மெல்லிய, மயிர் படர்ந்த இலைகளோடு திரைச்சீலையாகத் தொங்கும். மல்டிஃப்ளோராவின் இதழ்கள் பின்னோக்கி மடங்கியிருப்பதால் பூ எய்த அம்பு போலத் தெரியும். இம்ப்ரிகேட்டாவின் இலைகள் மரத்தோடு ஒட்டிக் குவிந்து கூரை போட்டுக்கொள்கின்றன. அந்தக் கூரைக்கு அடியில் எறும்புகள் குடியிருக்கும். அவை கொண்டுவந்து சேர்க்கும் கழிவே செடிக்கு உரம். டார்வினி என்ற இனத்தில் இலைகளே உருண்டு எறும்புக்கு அறையாகின்றன. மண்ணில்லாத இடத்தில் வாழும் செடி மண்ணைத் தயாரித்துக் கொடுக்க ஆள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது.

கார்னோசாவில் பயிரிடப்பட்ட வடிவங்கள் பல. இலை விளிம்பு வெளுத்தது, நடுப்பகுதி வெளுத்தது, இலைகள் முறுக்கிக்கொண்டு கயிறாகத் தொங்குவது என்று சேகரிப்பவர்கள் தேடிப் போகிறார்கள். பூக்கடைகளில் கிடைக்கும் ஆஸ்திரேலிய மெழுகுப்பூவுக்கும் ஹோயாவுக்கும் தொடர்பில்லை. அது கொய்யாவும் நாவலும் சேர்ந்த குடும்பத்துப் புதர்ச்செடி. மலேசியத் தமிழர் சமையலில் புழங்கும் புங்கா காந்தான், இஞ்சிக் குடும்பத்துத் தீப்பந்தப் பூ. அதன் மடல்களும் மெழுகாகத் தெரிவதால் அதையும் சிலர் இந்தப் பெயரில் விற்கிறார்கள்.

ஏரல் போன்ற வெப்பமான கடலோரச் சமவெளியில் ஹோயா வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாழ்நிலக் காட்டு இனங்களான பிலிப்பைன்ஸ் நாட்டுப் புபிகாலிக்ஸ், ஆஸ்திரேலிஸ், தாய்லாந்துப் பகுதியின் கெர்ரி ஆகியவை வெப்பத்தைத் தாங்கும். கார்னோசாவும் வளரும், பூப்பது சற்று மெதுவாகும். லீனியாரிஸ், பெல்லா போன்ற குளிர்மலை இனங்களுக்குச் செலவழிப்பது வீண்.

இடத்தைப் பொறுத்தவரை வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர்களுக்குப் பெரிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரல், ஆத்தூர் வட்டாரத்தில் அகத்தி நிழலில் வெற்றிலையை வளர்க்கிறார்கள் அல்லவா, அதே சல்லடை வெளிச்சமும் ஈரக்காற்றும்தான் ஹோயாவுக்கும் வேண்டும். ஆனால் வேரில் வெற்றிலைக்குத் தருகிற ஈரத்தைத் தரக்கூடாது. காலை வெயில் படும் கிழக்குத் திண்ணை நல்லது. மேற்கு வெயில் இலையை மஞ்சளாக்கிப் பொசுக்கும். ஆற்று வண்டலைத் தொட்டியில் நிரப்புவது இந்தப் பகுதியில் பலருக்கும் கைவந்த பழக்கம். வாழைக்கும் கத்தரிக்கும் பொன்னான அந்த வண்டல் ஹோயாவின் வேரை மூச்சுவிடாமல் அடைத்து அழுகவைத்துவிடும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, உடைத்த செங்கல், கொஞ்சம் தென்னைநார்க் கழிவு ஆகிய கலவை பொருத்தமானது. தொட்டி சிறியதாகவே இருக்கலாம். மேல்பகுதி காய்ந்த பிறகு நீர் ஊற்றினால் போதும். கடலை நெருங்க நெருங்கக் கிணற்று நீரில் உப்பு ஏறுவதால், பிடித்துவைத்த மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிட வேண்டும். கோடையில் பட்டுப்போவதைவிட மழைக்காலத்தில் அழுகிப் போகும் ஹோயாக்களே அதிகம்.

எருக்கந்தண்டில் கொத்தாக ஒட்டியிருக்கும் மஞ்சள் அசுவினி இதன் இளந்தளிரையும் தேடி வரும். மாவுப்பூச்சியும் இலைக்கவட்டில் சேரும். தொடக்கத்திலேயே ஈரத்துணியால் துடைத்தெடுத்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கிவிடும். பூ உதிர்ந்ததும் அந்தக் காம்பைக் கிள்ளிவிடக் கூடாது. பல இனங்களில் அடுத்த முறையும் அதே காம்பின் நுனியிலிருந்துதான் மொட்டு வரும்.

காதலர் தினத்தையொட்டி இதய வடிவில் ஒற்றை இலையைச் சிறு தொட்டியில் ஊன்றி விற்கிறார்கள். அது கெர்ரியின் இலை. தாய்லாந்துத் தாவரங்களைச் சேகரித்த மருத்துவர் கெர்ரின் பெயர் தாங்கியது. அந்த இலை வேர்விட்டு ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். ஆனால் தண்டின் கணு ஒட்டியிராவிட்டால் அதிலிருந்து கொடி ஒருநாளும் கிளம்பாது. பதியன் வாங்குவதானால் இரண்டு கணுக்களாவது உள்ள தண்டுத் துண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். வெட்டிய முனையில் கசியும் பால் காய்ந்த பிறகு, ஒரு கணு கலவைக்குள் இருக்குமாறு ஊன்றி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். அதிலிருந்து முதல் பூக்கொத்தைக் காண இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம்.